பார்சல் மாமாவுக்கு வந்ததல்ல

மாதேஸ்வரன் துணை

விஜயநகர், மைசூர்
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மருமகள் பழனாத்தாள் வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், மீதியைக் கீழே பார்த்துக்கொள்ளவும். கோபிநத்தத்தில் உங்கள் தம்பி முனிராஜ் அவர்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை எப்போதும் ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசுவீர்கள். இந்த விஷயம் கோபிநத்தம் முழுவதற்கும் கேட்க வேண்டியதில்லை. தமிழில் எழுதுவதும் அதனால்தான். அங்கே மற்றவர்கள் எல்லாம் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கொளத்தூருக்குப் போய்த் தமிழ் படித்தவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். ஆகையால் தயவுசெய்து வாய்விட்டு மட்டும் படிக்க வேண்டாம்.

முதலில் முக்கியமானது. மாமா நிரபராதி. செவ்வாய்க்கிழமை கௌதள்ளி வீட்டுக்கு வந்த மாத்திரைப் பார்சலில் அவர் பெயர் இருந்தது உண்மை. வயது அறுபத்திரண்டு என்று போட்டிருந்ததும் உண்மை. ஆனாலும் அது அவருக்கு வந்ததல்ல. நீங்கள் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனதிலிருந்து, சுசித்ரா கிண்டுகிற களியை அவர் வாய் பேசாமல் விழுங்குகிறார் என்று உங்கள் மகள் சுசித்ராவே சொன்னாள். அந்தக் களிக்காகவாவது நீங்கள் திரும்பிப் போக வேண்டும்.

பார்சல் வேறு யாருக்கு என்று எழுதப் பேனா மறுக்கிறது. நம் வீட்டில் பெண்களைக் கழித்து, மாமாவையும் கழித்தால் மிச்சம் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளவும்.

ஆமாம் அத்தை, உங்கள் மகனுக்குத்தான். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஆண்மைக் குறைவு என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் எழுதியிருப்பார்களே, அதுதான். ஷோரூமில் இந்த மாதம் இத்தனை வண்டி விற்க வேண்டும் என்று நெருக்கி நெருக்கி அவருக்குத் தூக்கம் கெட்டது, சிகரெட் கூடியது, பிறகு இதுவும் வந்து சேர்ந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். நான் மனதுக்குள் சிரிக்கிறேன் என்று அவர் நினைத்தார். இப்படியே நாலு மாதம் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். ஒருநாள் நானே தைரியம் செய்து, “டாக்டர்கிட்டப் போலாமுங்களா” என்றேன். “முக்குல இருக்கற மெடிக்கல்காரன் எங்கிட்டத்தான் வண்டி வாங்குனான். மாத்திரைச் சீட்டை அவங்கிட்ட நீட்டச் சொல்றயா?” என்றார். அதனால்தான் ஆன்லைன் டாக்டர்.

போன வருடம் மாமாவின் முழங்கால் வலிக்காக உங்கள் மகன் தன் போனில் ஒரு டாக்டர் ஆப் போட்டிருந்தார் அல்லவா, அதில் மாமாவின் பெயர், வயது, போன் நம்பர், கௌதள்ளி விலாசம் எல்லாம் அப்படியே இருந்தன. அதை மாற்றத் தோன்றாமல் உங்கள் மகன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தலை வாரி, வீடியோ காலுக்கு உட்கார்ந்தார். டாக்டர் பல்லவி என்று ஒரு பெண் வந்ததும் அவ்வளவுதான், போனைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். டாக்டர் நம் வீட்டு ஃபேனைப் பார்த்து வணக்கம் சொன்னார். கீழ் வீட்டு லக்ஷ்மம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நான் சமையலறையில் மிக்சியை ஓட்டினேன். கீழே கேட்காதது சரி, இவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பெயர் ரத்தினசாமியா, வயது அறுபத்திரண்டா, மருந்தை கௌதள்ளிக்கே அனுப்பலாமா என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் “ஹௌது, ஹௌது” என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டியிருக்கிறார். மிக்சியில் கருகல் வாசனை வந்து நான் நிறுத்திய பிறகுதான் பிரஷர், சர்க்கரை, நெஞ்சு வலி பற்றிய கேள்விகள் வந்தன. எதுவும் இல்லை என்றார். இந்த வயதில் இது பெரிய பாக்கியம் என்றார் டாக்டர்.

பிறகு வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து நான் வணக்கம் சொன்னேன்.

“மகளா?”

“மனைவிங்க,” என்றார் உங்கள் மகன்.

“மனைவியா?” என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். பிறகு என் பெயரைக் கேட்டார். பழனாத்தாள் என்றேன். காலேஜில் மூன்று வருடம் இந்தப் பாட்டி காலத்துப் பெயரை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொல்லி வந்தவள் நான். டாக்டருக்கு அதைக் கேட்டதும் மூச்சு வந்தது. “வயசானாலும் உங்க குரல் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கும்மா,” என்றார். அதன்பின் எங்களை வயதான தம்பதியாகவே நினைத்துக்கொண்டு அன்பாகப் பேசினார். இதுவும் பிரஷர் மாதிரி ஒரு கோளாறுதான், ஒளிக்க ஒன்றுமில்லை, சிகரெட்டை விடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், ஒருவரோடு ஒருவர் பேசுங்கள் என்றார். அன்று நாங்கள் விடிய விடியப் பேசினோம். தூங்குவதைத்தான் மறந்துவிட்டோம்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். முழங்கால் மாத்திரை என்று நினைத்து நீங்கள் பிரித்தீர்கள். சுசித்ரா உள்ளே இருந்த தாளை வாசலில் நின்று உரக்கப் படித்தாள். “இதென்னுங்க இந்த வயசுல?” என்று நீங்கள் கேட்டதும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எனக்குத்தான். இப்ப என்னங்கற?” என்றாராம். மகன் தலை குனியக் கூடாது என்று தன் தலையை நீட்டியிருக்கிறார். நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே அந்தப் பெட்டியை ராகி மாவுப் பைக்குள் செருகி மைசூர் பஸ்ஸில் அனுப்பிவைத்தார். பலன் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் புரிந்துகொள்வீர்கள்.

இன்னொன்று. குழந்தைக்காக நீங்கள் மாதாமாதம் அனுப்பும் லேகியத்தை எதிர்த்துப் பேச முடியாமல் தின்று வருகிறேன். இனிமேல் அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் மகனுக்குத் தெரியாது. அவரிடம் எதுவும் கேட்டுவிட வேண்டாம். மாமாவை மன்னித்து, நாளைக்கே கௌதள்ளி பஸ்ஸைப் பிடிக்கவும். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, எங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைக்கும்படி கேட்டுக்கொள்ளும்

மருமகள்
பழனாத்தாள், பி.காம்.

பி.கு.: உறையில் விலாசம் எழுதும்போதே உங்கள் போன் வந்துவிட்டது. ஸ்பீக்கரை அணைத்து, ஆற்றோரம் தனியாக வந்து பேசியதற்கு நன்றி. “போனுல நம்பர் அமுத்தறதுக்கே என்னையக் கூப்புடற மனுசன், ஆன்லைன்ல டாக்டரைப் பாத்தாராமா? அது என்ற பையனுக்குன்னு அப்பவே தெரியும் அம்மிணி. நான் கோவிச்சுக்கிட்டு வரல. லேகியம் கிண்டிக் குடுக்கறவ இந்த ஊருக்காரிதான். இனி வேண்டாம்னு சொல்லிப்போட்டு, உனக்குக் குடுத்த கசப்புக்கு நாலு வார்த்தை திட்டிப்போட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றீர்கள். நான் அழுதது உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன். ஆனால் அதற்கடுத்து நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் பேனாவை மறுபடி எடுத்தேன். நேற்று டாக்டர் பல்லவி மாமா நம்பருக்கே கூப்பிட்டு, “ரத்தினசாமியவரே, இப்ப எப்படி இருக்கு?” என்று விசாரித்தாராம். அது நான் இல்லை என்று மாமா சொல்லவில்லையாம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று வெகுநேரம் பேசியதைச் சுசித்ரா ஒட்டுக்கேட்டு உங்களிடம் சொன்னாளாம். இப்போது அவருக்கென்றே தனியாக ஒரு பார்சல் வருகிறதாம். “இப்பத்தான் கண்ணு நெசமாவே கோவம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணுமல்ல? பார்சல் வந்து சேரட்டும், அதுக்கப்பறம் பஸ் ஏறிக்கறேன்,” என்றீர்கள். ஆகவே அத்தை, மேலே மாமா நிரபராதி என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.