சொட்டு டாக்டருக்குத் தெரியாத சீக்கு

எனக்கு ஏன் அடிக்கடி மயக்கம் வருகிறது என்று கண்டுபிடிக்க ரத்தம் கொடுக்கப் போய், அந்த ரத்தத்தைப் பார்த்தே மயங்கி விழுந்த புத்திசாலி நான். ஒரு தடவை என்றால் மன்னிக்கலாம். போன ஒவ்வொரு தடவையும் விழுந்தேன்.

என்னை அப்படி விழவைத்தவர் சொட்டு டாக்டர். மனிதரின் முகத்தைப் பார்க்காமல் விரல் நுனியைப் பார்த்தே பேசிய பிறவி உலகத்தில் அவர் ஒருவர்தான். எழுபதுகளில், பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ரைட்டர், கணக்கு எழுதுகிறவன். அவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். டாக்டர் பட்டம் அவரே சூட்டிக்கொண்டது. சொட்டு, நாங்கள் சூட்டியது.

"எந்தச் சீக்குன்னாலும் ரத்தத்துல தெரிஞ்சிரும்வே. பாக்கத்தான் ஆளு வேணும்" என்பார். அந்த ஆள் அவரேதான். பல்வலி என்று போன கங்காணிக்கு விரலில் குத்து. மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போன டிரைவருக்கும் குத்து. பத்திரிகையை அப்புறம்தான் வாங்கினார். அவர் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் நடந்தால் பெண்கள் கைகளைக் கம்பளிக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அவருடைய மைக்ரோஸ்கோப்பில் பாதி வட்டம் பூஞ்சை. அந்தப் பூஞ்சைக்கும் சேர்த்துத்தான் எங்களுக்கு மருந்து கொடுத்தார் என்பது என் சந்தேகம்.

அன்னத்தாய் எங்கள் மலையில் வேகமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு கண் மங்கியது, தானாகச் சரியானது. பிறகு கால் மரத்தது. சரியாகி, மறுபடி மரத்தது. சுடுதண்ணீரில் குளித்தால் எழுந்து நிற்க முடியவில்லை. வந்து வந்து போகிற சீக்கை யார் நம்புவார்கள்? வேலைக் கள்ளம் என்றார்கள். எஸ்டேட் மேனேஜர் துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ரத்தத்தில் சீக்கு தெரிந்தால் லீவு, இல்லாவிட்டால் பேர் வெட்டு. பேர் போனால் லயத்து வீடும் போகும்.

சொட்டு குத்தினார். ஒன்றும் அகப்படவில்லை. விரல் மாற்றிக் குத்தினார். குளித்த சூடு ஆறுமுன் கூப்பிட்டுக் குத்தினார். ஒப்பிட்டுப் பார்க்க என்னையும் குத்தினார். நான் வழக்கம்போல் தரையில்.

மறுநாள் காலைப் பெரட்டு. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கையில் துரை கேட்டார்: "என்ன கம்பவுண்டர், ரத்தத்தில் ஏதாவது இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்னத்தாய் தெருவில்.

சொட்டு தொண்டையைச் செருமினார். "இந்தப் புள்ளைக்குச் சீக்கு இருக்கு, தொரை. என்ன சீக்குன்னு எனக்குத் தெரியலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

பெரட்டுக்களமே சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாக. அத்தனை விரலைப் பதம் பார்த்த மனிதருக்குத் தெரியவில்லையாம்! துரை மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஆளே தெரியாது என்கிறான் என்றால் விஷயம் பெரிது என்று பயந்து, ஜீப்பை அனுப்பினார்.

கீழே மெடிக்கல் காலேஜில் முழங்காலைத் தட்டினார்கள், கண்ணுக்குள் பார்த்தார்கள், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், நரம்பின் மேலுறை கெட்டுப்போகிற நோய் என்றார்கள். ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க இன்னும் வழி வரவில்லை என்றும் சொன்னார்கள்.

இதைக் கேட்டால் மனிதர் அடங்குவார் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ரத்தத்துல இருக்கும்வே. என் கண்ணாடிக்குத்தான் பவர் பத்தலை" என்றார்.

அன்னத்தாய்க்கு ஃபாக்டரியில் உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது. வீடு தப்பியது. ஒருநாள் அவளிடம் போய், "அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு பெரட்டுல வச்சு சாயம் வெளுத்துப்போச்சு, பாத்தியா?" என்று சிரித்தேன்.

அவள் குச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதச் சொல்லவும் ஒரு ஆளு வேணும்லா, ரைட்டரய்யா."