மூன்றுதான் ஐரோப்பா

நதிக்கு இக்கரை ஜெர்மனி, அக்கரை போலந்து. கரைக்கு ஒரு பல்கலைக்கழகம், நடுவில் ஒரு பாலம். எல்லைகளை ஒழிப்பது எப்படி என்று இளைய தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் உன்னத நோக்கத்தோடு இரண்டும் கைகோத்து, ஐரோப்பியவியலில் கூட்டு முதுகலைப் பட்டம் ஒன்றைத் தொடங்கின.

போலந்துக்காரி யாக்னா அதில் படித்தாள். பிரஸ்ஸல்ஸில் ஒரு பெரிய அலுவலகத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. குளிர்காலத்துக்குள் பட்டத்தோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் மாமாவின் வெள்ளரி ஊறுகாய்க் கடையில் ஜாடி கழுவ வேண்டியதுதான்.

கடைசித் தேர்வில் ஜெர்மன் பேராசிரியர் லூடெக்கே அவளுக்கு 1 போட்டார். ஜெர்மனியில் அதுதான் உச்சம். பெற்ற மகனுக்கே 2 போட்ட மனிதர் அவர். யாக்னா துள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, போலந்துக் கரைப் பதிவாளர் தெக்லா அம்மாளின் முன் போய் நின்றாள்.

"ஒண்ணா? அடிப்பாவி!" என்றார் தெக்லா அம்மாள். "நம்ம ஊர்ல அஞ்சுதான் உசத்தி. ரெண்டு எடுத்தாலே ஃபெயில். ஒண்ணுங்கறது ஃபெயிலுக்கும் கீழ. என்னம்மா ஆச்சு, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"மேடம், அவங்க ஊர்ல அதுதான் முதல் மார்க்!"

"எனக்குத் தெரியாதா?"

"அப்போ மாத்திப் போடுங்களேன்."

"மாத்தலாம். ஆனா அவங்க மார்க்கை நாம திருத்தினா, அவங்க நமக்குக் கீழன்னு ஆயிடும். ரெண்டு பேரும் சமம்னுல்ல ஒப்பந்தம் போட்டிருக்கு?"

அதே தேர்வில் 5 வாங்கித் தோற்ற ஃபோல்கர் என்ற ஜெர்மன் மாணவன், போலந்துக் கரையில் முதல் மாணவனாக அறிவிக்கப்பட்டு, கையில் பூச்செண்டோடு வெளியே நின்றான். "எனக்கே ஒண்ணும் புரியலை, யாக்னா. கூப்பிட்டாங்க, வந்தேன்" என்றான். நல்ல பையன்தான்.

விவகாரம் கூட்டுக் குழுவுக்குப் போயிற்று. யார் யாருடைய இடத்துக்குப் போவது என்ற மானப் பிரச்சினையால், குழு பாலத்தின் நடுவில், காற்றில் பறக்கும் தொப்பிகளைப் பிடித்தபடி கூடியது. தீர ஆலோசித்து ஒரு வரலாற்று முடிவை எடுத்தது. இரு கரையிலும் ஒரே பொருள் தரும் எண் மூன்றுதான். அங்கேயும் சுமார், இங்கேயும் சுமார். ஆகவே மூன்று மட்டுமே ஐரோப்பிய மதிப்பெண். மற்றதெல்லாம் குறுகிய தேசிய வெறி.

யாக்னா மறுதேர்வு எழுதினாள். வேண்டுமென்றே பாதிக் கேள்விகளை விட்டுவிட்டாள். லூடெக்கே 2 போட்டார்.

"சார், தயவு பண்ணி மூணு போடுங்க!"

"விட்ட பாதியை விடு. எழுதின பாதியில ஒரு தப்புகூட இல்லையே! எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கும்மா."

"வேலை போயிடும் சார்."

"அப்போ சுமாரா எழுதக் கத்துக்கோ. அந்தத் திறமை உனக்கு இல்லேன்னா நான் என்ன பண்ண முடியும்?"

பாலத்தில் நின்று அழுதாள். அந்த வழியாக வந்த ஃபோல்கர்தான் விஷயத்தை உடைத்தான்.

"நீ யோசிச்சு எழுதறே, அதான் சிக்கல். கூட்டுக் குழு அறிக்கை இருக்கில்ல? அதை அப்படியே திருப்பி எழுது."

எழுதினாள். லூடெக்கே கொட்டாவி விட்டபடி படித்து, மனசாட்சி உறுத்தாமல் 3 போட்டார். ஃபோல்கரும் அதே வழியில் 3 வாங்கினான். இரண்டு துணைவேந்தர்களும் பாலத்தின் நடுவில் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

பிரஸ்ஸல்ஸில் முதல் நாளே, ஃபின்லாந்துக்கார மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். "உங்க பாலத்து முறையை எல்லா நாட்டுக்கும் கொண்டுபோகலாம்னு ஒரு திட்டம் வந்திருக்கு. பட்டவங்க நீங்க. மனசுல பட்டதை எழுதுங்க."

யாக்னா கோபம் பொங்கக் கண்டனம் எழுத உட்கார்ந்தாள். நாலு வரி எழுதிப் படித்துப் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. நன்றாக எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "பரவாயில்லை" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு திருத்தமும் கேட்காமல் எல்லா நாடுகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட முதல் குறிப்பு அதுதான்.