பதினெட்டரை சைஸ்

பெண்கள் செருப்புப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வருவதால் நிர்வாகம் எவ்வளவு சீர்கெடுகிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. முதலில் யோசித்தவர் அளவு சரிபார்ப்புத் துறையின் இயக்குநர். பத்து நாள் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போன இடத்தில், அலுவலகப் பெண்கள் எல்லாரும் மூடிய கறுப்பு ஷூ போட்டிருப்பதைக் கண்ணாரக் கண்டு வந்திருந்தார். வேறு என்னத்தைக் கண்டார் என்பது பயண அறிக்கையில் இல்லை. திரும்பிய மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. பெண் ஊழியர் அனைவருக்கும் வெளிநாட்டிலிருந்து ஷூ தருவிக்கப்படும். கால் அளவைப் படிவத்தில் நிரப்பவும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது.

இந்தத் துறை எப்பேர்ப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கடைக்காரன் தராசு சரியா, துணிக்கடை அளவுகோல் சரியா என்று பார்த்து முத்திரை குத்துவதுதான் இவர்கள் வேலை. ஊருக்கே அளவு சொல்கிற இடம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு காலை அளப்பதிலா சிக்கல் வரும் என்று நீங்கள் கேட்டால், நீங்கள் கொடுத்துவைத்தவர். இதுவரை எந்த அலுவலகத்துக்கும் அலைந்திருக்க மாட்டீர்கள்.

சிக்கல் பதிவறை அக்காவிடம் ஆரம்பித்தது. அடித்தளத்துப் பதிவறையில் பதினான்கு வருஷமாகக் கோப்புகளோடு குப்பை கொட்டிக்கொண்டிருந்தவள். ஓய்வுபெறப் போகிற கிழவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தூசியில் இருமி இருமி அவளுக்கு நெஞ்சே காய்ந்துபோயிருந்தது. இரண்டாம் மாடியில் தலைமை எழுத்தர் நாற்காலி காலி. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூட இருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இயக்குநர் நேரில் வந்து ஆளைத் தேர்ந்தெடுப்பார். அதற்குள் பணிப் பதிவேட்டில் எல்லா விவரமும் பூர்த்தியாகியிருக்க வேண்டும். அந்த ஜன்னலை நினைத்து நினைத்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

படிவத்தில் காலுக்கு நாலு கட்டம் இருந்தது. பிரிட்டிஷ், அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான். அக்கா சாப்பாட்டு நேரத்தில் எதிரே இருந்த ஷூ கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஒரு பலகையில் அவள் பாதத்தை வைத்துப் பார்த்தார்.

"பிரிட்டிஷ்ல உங்களுக்கு அஞ்சும்மா."

"சரி."

"அமெரிக்காவுல ஏழு."

"அதென்னங்க, அங்க போனா மட்டும் கால் வீங்குதா?"

"ஐரோப்பாவுல முப்பத்தெட்டு."

"ஐயையோ!"

"பயப்படாதீங்க. ஜப்பான்ல இருபத்து நாலா இறங்கிடும்."

அக்கா நாலையும் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு நாலு கால் அளவா?"

"கால் ஒண்ணுதான் சார். நாடுதான் நாலு."

"கால் ஒண்ணா? பதிவேட்டுல ரெண்டுன்னு இருக்கே?"

"ரெண்டுதான் சார். ரெண்டுக்கும் ஒரே அளவு."

"அப்ப இது என்ன அஞ்சு, ஏழு, முப்பத்தெட்டு? நீங்க ஐரோப்பா போயிருக்கீங்களா?"

"பக்கத்து ஊருக்குப் போகவே லீவு கிடைக்கல சார்."

"அனுமதி இல்லாம வெளிநாடு போகக் கூடாது. போகலைன்னா அங்க உங்க கால் முப்பத்தெட்டுன்னு எப்படித் தெரியும்?"

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அறை மூலையில் கண்ணாடி அலமாரிக்குள் துறையின் மூல அளவுகோல் பட்டுத்துணியில் படுத்திருந்தது. நாட்டில் உள்ள அத்தனை அளவுகோலுக்கும் அதுதான் தாய்.

"சார், அதை எடுத்து என் காலை நீங்களே அளந்துடுங்களேன்."

கண்காணிப்பாளர் பதறிப்போனார். "அது அளக்கிறதுக்கு இல்லம்மா. வச்சிருக்கிறதுக்கு!"

பிறகு புள்ளிவிவரப் பிரிவுக்காரர் வரவழைக்கப்பட்டார். அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். நாலையும் கூட்டினால் எழுபத்து நாலு. நாலால் வகுத்தால் பதினெட்டரை.

"பதினெட்டரை," என்றார். "சராசரி எடுத்துட்டா எந்த நாட்டுக்கும் மனக்குறை வராது."

"என் காலுக்கு வருமே!" என்றாள் அக்கா.

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா. திருத்தம் கேட்டா தலைமையகத்துக்கு எழுதணும். ஆறு மாசம் ஆகும். பதினெட்டரைன்னு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே முடிஞ்சிடும். வெள்ளிக்கிழமை உனக்கு வேணுமா, உன் கால் உனக்கு வேணுமா?"

வெள்ளிக்கிழமைதான் வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஷூ வந்தது. பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு ஷூவிலும் ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். கூடவே கம்பெனிக்காரன் ஒரு கடிதம் வைத்திருந்தான்: "எங்கள் அறுபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு பெண்மணியை நாங்கள் கண்டதில்லை. அவருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கவும்." அந்தக் கடிதத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு பதில் போனது. மற்றப் பெண்களின் படிவங்கள் மட்டும், அக்கா கதி என்ன ஆகிறது பார்ப்போம் என்று மேசையிலேயே காத்திருந்தன.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார். வரிசையில் நின்ற ஊழியர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அக்காவின் காலடியில் நின்றுவிட்டார்.

"இதுதான் அந்த ஷூவா? சரியா இருக்கா?"

அக்கா வாயைத் திறந்தாள். இல்லை சார், இது என் கால் இல்லை சார் என்று சொல்லத்தான் திறந்தாள். இயக்குநர் கையில் பதவி உயர்வுப் பட்டியல் இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது.

"கச்சிதமா இருக்கு சார்," என்றாள்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

அக்கா நடந்தாள். காலைத் தூக்கினால் கால் மட்டும் வந்துவிடும் என்பதால் தூக்காமல் தேய்த்தாள். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். அந்தப் பக்கத்துச் சுவரைத் தொட ஆறு நிமிஷம் ஆனது.

"அடடா! என்ன நிதானம், என்ன கம்பீரம்!" என்று இயக்குநர் உருகினார். "இந்த நடை இல்லாமத்தான் நம்ம நிர்வாகம் இத்தனை நாளா தறிகெட்டு ஓடிக்கிட்டிருந்தது."

அக்காவுக்கு ஜன்னல் கிடைத்தது. துறையில் இருந்த மற்றப் பெண்களுக்கெல்லாம் பதினெட்டரை கிடைத்தது. அதோடு விட்டதா? இயக்குநர் வீட்டு அம்மாள் ஒரு ஜோடி போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அடுத்த வாரமே எதிர்க் கடைக்காரர் அஞ்சாம் நம்பரையெல்லாம் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு, வாசலில் பதினெட்டரையை அடுக்கினார். டி.வி.யில் ஒரு அழகுக்கலைக்காரி, காலுக்கும் ஷூவுக்கும் நடுவே காற்று உலாவினால் முகம் பளபளக்கும் என்றாள். தெருவில் பெண்கள் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். பஸ்கள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன.

அலுவலகத்தில் மனுக்கள் குவிந்தன. வழுக்குகிறது, தடுக்குகிறது, மாடிப்படியில் ஷூ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போகிறோம் என்று விதவிதமாக எழுதினார்கள். எல்லாம் தலைமை எழுத்தர் மேசைக்கு வந்தன. ஒரு நாள் தட்டச்சுப் பிரிவுப் பெண் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு இது சரியாவா இருக்கு?"

"போன மாசம் வரைக்கும் இல்ல. இப்ப சரியா இருக்கு."

"எப்படிக்கா?"

அக்கா கையை நீட்டி அவள் மனுவை வாங்கினாள். ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு நாலாக மடித்தாள், குனிந்தாள், ஷூ நுனிக்குள் திணித்தாள். எழுந்து ஜன்னல்வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"அக்கா! அது என் மனு!"

"உன்னுதோட சேர்த்துப் பதினேழு. இப்பத்தான் குதிகால் ஆடாம நிக்குது. உனக்கும் வேணும்னா கீழ பதிவறைக்குப் போ. கடைக்காரன் எடை குறைக்கிறான், அளவு குறைக்கிறான்னு ஜனங்க கொடுத்த மனு மூணு அலமாரி நிறைய இருக்கு. வேணுங்கிறதை எடுத்துக்கோ."

தட்டச்சுப் பெண் தன் மனு போன ஷூவைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் முழங்கால் வலித்ததோ என்னவோ, கீழே இறங்கிப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் அலுவலகம் பூராவும் பரவிவிட்டது.

ஆண்டு இறுதி அறிக்கையில் இயக்குநர் பெருமையோடு எழுதினார்: ஷூ சரியில்லை என்று ஒரு புகாரும் இல்லை, பொதுமக்கள் மனு ஒன்றுகூட நிலுவையில் இல்லை. இரண்டும் சத்தியமான உண்மை. ஆகவே, போன வருஷம் நீங்கள் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள். அதை நல்லபடியாகத்தான் பயன்படுத்துகிறார்கள். அடுத்த தடவை எழுதும்போது மட்டும் கொஞ்சம் மெல்லிய தாளாகப் பார்த்து எழுதுங்கள். கெட்டித் தாள் கட்டைவிரலைக் குத்துகிறதாம்.