எல் போர்டு மாட்டிய மீன்தொட்டி

உலகத்துக்கு அமைதியைப் போதிப்பது என்று முடிவு செய்தேன். உலகம் பெரியது என்பதால் அரைப்பக்கம் கேட்டேன்.

எங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி காலியாகியிருந்தது. அங்கே முதுகுவலிக்குப் பயிற்சிகள் எழுதிவந்த அம்மையார் முதுகு பிடித்துக்கொண்டு விலகிவிட்டார். இணைப்பின் ஆசிரியரை நாங்கள் கத்தரி என்போம். காய் அல்ல, ஆயுதம். அந்த அம்மா கை வைத்தால் தொடர்கதையும் துணுக்காகிவிடும். அவரிடம் போய் நின்றேன்.

“நானும் என் மீனும்னு வாராவாரம் ஒரு பத்தி எழுதுறேன் மேடம். ஒரு மனிதன், ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு தங்கமீன். அமைதி.”

“உங்ககிட்ட மீன் இருக்கா?”

“இருக்கு.”

இல்லை. ஆனால் செய்தியை முதலில் கொடுத்துவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடுவது எங்கள் தொழிலில் யாரும் கேள்விப்படாத விஷயம் அல்ல.

“சரி, போட்டோகிராபரோட வீட்டுக்கு வர்றோம். மீனையும் காட்டணும், உங்களையும் காட்டணும். மீன் இல்லன்னா சொல்லிடுங்க. ராசிபலன்காரர் அந்த இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கார்.”

ராசிபலன்காரர் எனக்கு அடுத்த மேசை. எல்லா ராசிக்கும் இடம் போதவில்லை என்று வருஷக்கணக்காக முனகுகிறவர். என் மீன் வராவிட்டால் அந்த அரைப்பக்கம் அவருடைய மீனத்துக்குப் போய்விடும். விடுவேனா? அன்று மாலையே வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி. “கவர் டபுளா போடவா சார்?” பந்து போல ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு பொட்டலம் தீனி, பாலிதீன் பைக்குள் ஒரு தங்கமீன். வேலை முடிந்தது. பெருமை தாங்காமல் வாசலிலிருந்தே மனைவிக்குப் போன் செய்தேன்.

“மீன் வாங்கிட்டேன்.”

“அதிசயமா இருக்கே. சுத்தம் பண்ணி வாங்கினீங்களா?”

“ரொம்ப சுத்தம். கண்ணாடி மாதிரி இருக்கு.”

“எவ்வளவு வாங்கினீங்க?”

“ஒண்ணு.”

“பெரிசா?”

“சுண்டுவிரல் அளவு.”

“அதை ரெண்டு பேருக்கு எப்படிங்க பங்கு போடுறது?”

“பங்கு எதுக்கு? ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம்.”

“வேலை அதிகமாங்க ஆபீஸ்ல? எண்ணெயைக் காய வைக்கிறேன், சீக்கிரம் வாங்க.”

என் மனைவியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் அவள் தேர்வாளர். அவள் என்னை முதன்முதலில் பார்த்ததே ஃபெயில் ஆக்கத்தான். எட்டு போடச் சொன்னாள். நான் ஆறு போட்டேன். மேல்வட்டத்தை மூடுவதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. கல்யாணம் ஆனால் மனம் இளகும் என்று நினைத்தேன். இன்றுவரை அவளிடம் எனக்குப் பாஸ் கிடைக்கவில்லை, பஸ் பாஸ்தான் கிடைத்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இண்டிகேட்டர் போடாமல் திரும்பினான் என்று கூடப்பிறந்த தம்பியையே திருப்பி அனுப்பியவள் அவள்.

நான் கிண்ணத்தோடு உள்ளே நுழைந்ததும் அடுப்பை அணைத்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணாடி வெளியே வந்தால் யாரோ ஃபெயில் என்று அர்த்தம்.

“இது மூச்சு வாங்குதே.”

“பாடுது.”

“மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. இது பாட்டா?”

“புது வீட்டுக்கு வந்த சந்தோஷம்.”

“எங்கம்மா வந்தா நீங்களும் இப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடுவீங்க. அது சந்தோஷமா?”

கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“சரி, இது எவ்வளவு பெரிசா வளரும்?”

“கிண்ணம் அளவுக்கு.”

“கை நீளத்துக்கு வளரும்ங்க. அப்புறம், இது பண்ற அழுக்கெல்லாம் எங்க போகும்?”

“எந்த அழுக்கு?”

“சாப்பிடுற ஜீவன் பண்ற அழுக்கு.”

அமைதியைப் பற்றி யோசித்தபோது அந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. “தினமும் குழாய்த் தண்ணி மாத்திட்டாப் போச்சு. நாம குடிக்கிற தண்ணிதானே?”

“நீங்க குடிக்கிறீங்க. அதுக்குள்ள குடியிருக்கல. அதுல போடுற குளோரின் இதோட செவுளை என்ன பண்ணும்?”

இந்த ஞானமெல்லாம் எதிர்வீட்டுப் பல் டாக்டரிடமிருந்து வந்தது. அவருடைய காத்திருப்பு அறையில் ஒரு சுவர் நீளத்துக்கு மீன்தொட்டி இருக்கிறது. என் மனைவியின் கடைவாய்ப்பல் வைத்தியம் நீண்டுகொண்டே போனதற்குப் பல் காரணமில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேள்வி கேட்கத் தெரிந்த நோயாளியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

“ஃபெயில்” என்றாள்.

“மீனா?”

“நீங்க. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா வண்டியை என்ன பண்ணுவாங்க?”

“பறிமுதல்.”

“அதேதான்.” கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து பல் டாக்டர் வீட்டுக்குள் போய்விட்டாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தவளிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “ஒரு சின்ன மீன். அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?”

“கடைக்காரர் உங்ககிட்ட என்ன கேட்டார்?”

“கவர் டபுளா போடவான்னு.”

“அவ்வளவுதானா? வளர்க்கத் தெரியுமான்னு கேக்கலையா?” சோபாவில் உட்கார்ந்தாள். “வண்டி இடிச்சா சத்தம் கேக்கும்ங்க. நாலு பேர் ஓடி வருவாங்க. இது செத்தாக்கூட சத்தம் போடாது. அந்த தைரியத்துலதான் அவரு விக்கிறார், நீங்க வாங்குறீங்க.”

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

மறுநாள் பல் டாக்டரின் பழைய தொட்டி ஒன்று எங்கள் கூடத்துக்கு வந்தது. என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் அது உட்கார்ந்தது. தண்ணீர் நிரப்பினாள். ஃபில்டரை ஓடவிட்டாள். மீன் மட்டும் இல்லை. வெள்ளைத் தாளில் சிவப்பாக ஒரு எல் எழுதித் தொட்டியின் முகப்பில் ஒட்டினாள்.

“இப்ப நீங்க பழகுநர். ஃபில்டர் பஞ்சுல நல்ல கிருமிங்க குடியேறணும். அதுங்கதான் மீனோட அழுக்கை முறிக்கும். அதுங்க வந்தப்புறம்தான் மீன் வரும்.”

“கிருமி எப்போ வரும்?”

“சில வாரம் ஆகும். அதுவரைக்கும் தினமும் கொஞ்சம் தீனி போடுங்க.”

“மீனே இல்லாத தொட்டிக்கா?”

“அது அழுகினாத்தானே கிருமிக்குச் சாப்பாடு?”

ஆகவே ஒரு பொறுப்புள்ள பத்திரிகையாளன் தினமும் காலையில் வெறும் தண்ணீருக்குத் தீனி போட்டான். ஒருநாள் மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“மீன் எங்க தம்பி?”

“இன்னும் வரல அக்கா.”

“அப்ப யாருக்குத் தீனி போடுறீங்க?”

“கிருமிக்கு.”

அந்த அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். போகிற வழியில் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பிக்கு லீவு போட்டு ஓய்வெடுக்கச் சொல்லு என்றாராம்.

அலுவலகத்தில் நிலைமை இதைவிட மோசம்.

“மீன் எப்படி இருக்கு சார்?” என்றார் ராசிபலன்காரர்.

“நல்லா வளருது.”

“பாத்து. மீனத்துக்கு இந்த வாரம் இடமாற்றம்னு போட்டிருக்கேன்.” அவருடைய பார்வை என் மேசையில் இல்லை. கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அன்றே கத்தரியும் கெடு வைத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை போட்டோ. இல்லையென்றால் பக்கம் ராசிபலனுக்கு. வீட்டுக்கு வந்து மன்றாடினேன்.

“சனிக்கிழமைக்குள்ள மீன் வேணும்மா. என் பத்தியே போயிடும்.”

“கிருமி ரெடியானா மீன் வரும்.”

“எனக்காகக் கொஞ்சம் சிபாரிசு…”

“யாருகிட்ட? கிருமிகிட்டயா?”

நேர்வழி அடைபட்டால் குறுக்குவழி தேடுவது தேர்வு எழுதும் எல்லோருக்கும் உள்ள உரிமை. மனைவி வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத் தெருவைக் கடந்தேன்.

“டாக்டர், உங்ககிட்ட கிருமி நிறைய இருக்குமே, கொஞ்சம் கிடைக்குமா?”

“ஒரு பல் டாக்டர்கிட்ட கேக்கிற கேள்வியா சார் இது?” என்றார் அவர். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என்னை அவசரமாக உள்ளே இழுத்தார்.

“ஃபில்டர் பஞ்சைச் சொல்றேன் டாக்டர். உங்க பஞ்சுல ஒரு துண்டை என் ஃபில்டர்ல வச்சா சீக்கிரம் ரெடியாயிடுமில்ல?”

“ஆயிடும். மேடத்துக்குத் தெரியுமா?”

“காப்பி அடிக்கப்போறேன்னு எக்ஸாமினர்கிட்ட யாராவது சொல்லுவாங்களா?”

அவர் கொஞ்சம் இருமினார். “சரி. ஆனா பஞ்சு காயக்கூடாது. என் தொட்டித் தண்ணியிலேயே முக்கி வாளியில எடுத்துட்டுப் போங்க. குழாய்த் தண்ணியில அலசினா கிருமியெல்லாம் செத்துடும். உங்க தொட்டியில அழுகிக் கிடக்கிற தீனியை உறிஞ்சி எடுங்க. பாதித் தண்ணியை மாத்துங்க, புதுத் தண்ணிக்குக் குளோரின் முறிக்கிற மருந்து விடணும். அப்புறம் தண்ணியில அழுக்கு எவ்வளவுன்னு காட்டுற பேப்பர் இது, தினமும் முக்கிக் கலர் பாருங்க.”

எல்லாவற்றையும் செய்தேன். மனைவி பார்க்காமல் வாளி தூக்கினேன், பார்க்காமல் துடைத்தேன், பார்க்காமல் பேப்பர் முக்கினேன். ஏமாற்றுவதில் இவ்வளவு உழைப்பு இருக்கும் என்று தெரிந்திருந்தால் யோக்கியனாகவே இருந்திருப்பேன். ஆனால் பலன் கிடைத்தது. பேப்பரில் கலர் நாளுக்கு நாள் சரியாகி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே போய்த் தேர்வுக்குத் தயார் என்று நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தேன்.

மூக்குக்கண்ணாடி வெளியே வந்தது. பேப்பரை முக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“தீனி அதிகமாப் போட்டா?”

“தண்ணி கெடும்.”

“தண்ணியை மொத்தமா மாத்தலாமா?”

“கூடாது. கொஞ்சம் கொஞ்சமா.”

“பஞ்சைக் குழாயில கழுவலாமா?”

“ஐயையோ, கிருமி செத்துடும்” என்றேன். என் குரலில் இருந்த பதற்றம் எனக்கே புதிதாக இருந்தது.

“பாஸ்.”

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்க இத்தனை வருஷம் ஆனது. எல் போர்டை நானே கிழித்தேன். மீனை எதிர்வீட்டிலிருந்து கொண்டு வந்தாள். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பொறுமையாக உள்ளே விட்டோம். அது மேலே வந்து வாயைத் திறக்கவில்லை. தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீட்டி நீந்தியது, வாலை விசிறித் திரும்பியது. இண்டிகேட்டர் போடவில்லை. அவள் மன்னித்துவிட்டாள்.

“பஞ்சு நல்லா வேலை செய்யுது” என்றாள்.

“எந்தப் பஞ்சு?”

“டாக்டர் வீட்டுப் பஞ்சு. எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டாக் குடுங்கன்னு அவர்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன். செய்யுங்கன்னு சொன்னா நீங்க செய்வீங்களா? திருட்டுத்தனம்னாத்தான் வாளியைத் தூக்குவீங்க.”

இருக்கட்டும். மீன் என் வீட்டில் இருந்தது. அரைப்பக்கம் என் கையில் இருந்தது. பெரிய மனிதன் சின்னத் தோல்விகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை போட்டோகிராபரும் கத்தரியும் வந்தார்கள். நான் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் அமைதியை வரவழைத்துக்கொண்டு நின்றேன். கத்தரி தொட்டியைப் பார்த்தார், அதன் முகப்பில் கிழிந்தது போக ஒட்டிக்கொண்டிருந்த பாதி ‘எல்’ எழுத்தைப் பார்த்தார். “இது என்ன?” என்று என் மனைவியிடம் கேட்டார்.

“அது ஒரு கதை மேடம், உக்காருங்க” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “என்னங்க, போட்டோவுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணி மாத்திடுங்களேன். கண்ணாடி பளிச்சுன்னு இருக்கும்.”

நியாயமான யோசனை. வாளியோடு போனேன். தண்ணீருக்கு மருந்து விட்டு, கலக்கி, சூடு பார்த்து, பதறாமல் செய்து முடித்துத் திரும்பினால், கத்தரி சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தவர் யாரும் கிடையாது. அவருடைய செல்போன் என் மனைவியின் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

“மீன் விக்கிறவங்களே வாங்க வர்றவங்களுக்கு ஒரு டெஸ்ட் வைக்கணும்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க. எவ்வளவு நல்ல விஷயம். கிண்ணத்துல போட்டுக் கொல்றதுக்கு எத்தனை பேர் தினமும் வாங்கிட்டுப் போறாங்க? இதை விட்டுட்டு நீங்க அமைதி அமைதின்னு சொன்னீங்களே சார்” என்றார் என்னிடம்.

“மேடம், என் பத்தி…”

“உங்க பத்தியைப் பத்தி அப்புறம் பேசலாம். கொஞ்சம் நகருங்க, லைட் மறைக்குது.”

போட்டோகிராபர் சொடுக்கிக்கொண்டே இருந்தார். நான் வாளியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் ஞாயிறு இணைப்பு வந்தது. ராசிபலன்காரருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வகையில் வெற்றி எனக்குத்தான். கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க என் வீட்டு மீன். ‘மீன் வாங்க வந்தீர்களா? முதலில் எட்டு போடுங்கள்’ என்று தலைப்பு. கீழே என் மனைவியின் பெயர். வாராவாரம் எழுதப்போகிறாளாம். ஒரு வரிகூட வெட்டப்படவில்லை. சாயங்காலம் வளர்ப்பு மீன் கடைப் பக்கமாகப் போனேன். கடைக்காரர் பந்துக் கிண்ணங்களையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, மீன் கேட்டு நின்ற ஒருவரிடம், “வீட்டுல தொட்டி ரெடியா? ஃபில்டர் ஓடுதா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கும் பெருமைதான். போட்டோவும் பிரமாதமாக வந்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்கக் கத்தரி வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். நான் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் மனைவி எடுத்துப் பேசியிருக்கிறாள். படத்தின் கீழே அச்சாகியிருந்தது:

‘தொட்டியின் அருகே கட்டுரையாளர். பின்னால் வாளியுடன் நிற்பவர், கிளீனர்.’