நெரிடா வீட்டுத் தோட்டத்துக் கேரட்

"கேட்டைத் திறந்து போட்டது யாரு?"

நெரிடாவின் கேள்விக்கு அவள் கணவன் கிளைவ் தோட்டத்தைக் கை காட்டினான். திறந்து கிடந்த கேட்டின் வழியாக ராத்திரி வந்த வாலபிகள் என்கிற குட்டைக் கங்காருக்கள் தோட்டத்தை மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தன. ஒன்று மட்டும் போக மனமில்லாமல் பாத்தி நடுவில் குத்துக்கால் வைத்து, கடைசி பீட்ரூட் இலையை மென்றுகொண்டிருந்தது.

"நேத்து நீதானே கடைசியா தண்ணி விட்டே?"

"நான் சாத்தினேன் கண்ணு. அதுக்குத் திறக்கத் தெரியும் போல."

"ஆமா, சாவி குடுத்து வெச்சிருக்கியா?"

நெரிடா தலையில் கை வைத்துக்கொண்டாள். மத்தியானம் விருந்தாளிகள் வருகிறார்கள். ஹுவான் ஆற்றோரத்துத் தங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை அவள் வாடகைக்கு விடுகிறாள். 'எங்கள் தோட்டத்து ஆர்கானிக் காய்கறி, பறித்ததும் உங்கள் தட்டில்' என்று விளம்பரம். அதை நம்பித்தான் ரோவீனா என்கிற அம்மாள் கணவரோடு மூன்று நாள் தங்க வருகிறாள். 'கடைக் காய்கறி என் தொண்டையில் இறங்காது' என்றும் எழுதியிருந்தாள்.

போன விருந்தாளி வெந்நீர் வரவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விட்டான். இந்த அம்மாளும் அப்படியே செய்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அப்புறம் நெரிடா தீவின் தலைநகரான ஹோபார்ட்டுக்குப் போய், அக்கா நடத்தும் கடையில் ஊரார் நாய்களைக் குளிப்பாட்ட வேண்டும். அக்கா இப்போதே அவளுக்கு ஏப்ரன் தைத்து வைத்திருந்தாள்.

"ரோட்டோரம் ஆர்கானிக் காய் வைப்பாங்களே, அங்க போய்ப் பாரேன்."

"போனேன். காசு போடற டப்பாதான் உக்காந்திருக்கு. காய் ஒண்ணுகூட இல்லை."

"அப்போ சூப்பர்மார்க்கெட்தான்."

"பொய் சொல்லணுமா நெரிடா?"

"நீ வந்து நாய் குளிப்பாட்டறியா?"

கிளைவ் காரை எடுத்தான்.

அவன் கொண்டுவந்ததை மேஜையில் கொட்டியதும் நெரிடா கேரட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். "என்ன இது, இஸ்கூல் பசங்க பிரேயருக்கு நிக்கற மாதிரி எல்லாம் ஒரே உசரம்?"

"நல்லதாப் பார்த்துப் பொறுக்கினேன்."

"நல்லதா யாரு கேட்டா? ஆர்கானிக்னா கோணலா, சொத்தையா, மண்ணும் சேறுமா இருக்க வேண்டாமா?"

இருவரும் உட்கார்ந்து காய்களைக் காயப்படுத்தினார்கள். ஸ்வெட்டர் ஊசியால் ஆப்பிளில் ஓட்டை. கத்தரிக்கோலால் முட்டைக்கோஸ் இலையில் பல்வரிசை. கேரட்டுக்குச் சேற்றுக் குளியல். கிளைவுக்கு உற்சாகம் பிறந்து, ரோஜாச் செடியிலிருந்து ஒரு பச்சைப் புழுவைப் பிடித்துவந்து கோஸ் மேல் குடிவைத்தான்.

ரோவீனா அம்மாள் ஆள் நெடுநெடுவென்று இருந்தாள். பின்னால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவள் கணவர் மர்ரே. வெயிலில் வெந்த முகம், வாயில் பேச்சே இல்லை.

சமையலறையில் புழுவைப் பார்த்ததும் அம்மாள் கும்பிடாத குறைதான். "மர்ரே, இங்க பாருங்க! புழு! இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும்?"

ராத்திரிச் சாப்பாட்டில் கேரட்டைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இதான் கேரட்! கடையில விக்கறது ஆரஞ்சுக் கலர் சாக்பீஸ். அதுல என்னென்ன மருந்து அடிக்கறாங்கனு நான் கண்ணால பார்த்திருக்கேன் நெரிடா. தேனாட்டம் இருக்கு இது!"

மர்ரே ஒரு கேரட்டை எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் நெரிடாவைப் பார்த்தார். நெரிடாவுக்கு சூப் புரையேறியது. அவர் அதைக் கடித்துத் தின்றார்.

காலையில் அம்மாள் அடுத்த குண்டைப் போட்டாள். "ஆத்தோரமா ஒரு நடை போயிட்டு வரோம். வந்ததும் நானே என் கையால கேரட் பிடுங்கணும்."

அவர்கள் தலை மறைந்ததும் நெரிடா கடப்பாரையைத் தூக்கினாள். பாத்தியில் கேரட்டை வரிசையாகப் புதைத்த பிறகுதான் உறைத்தது. "கிளைவ்! இதுக்குத் தழையே இல்லையே! கடைக்காரன் வெட்டிட்டான்!"

"ஜன்னல்ல கொத்தமல்லித் தொட்டி இருக்கே."

ஒவ்வொரு கேரட்டின் மண்டையிலும் துளை போட்டுக் கொத்தமல்லியைச் செருகினார்கள். பக்கத்தில் இரண்டு பிராக்கோலியையும் நட்டுவைத்தான் கிளைவ்.

அம்மாள் வந்து குனிந்து மூக்கை உறிஞ்சினாள். "கேரட் தழையில கொத்தமல்லி வாசனை வருதே!"

"பக்கத்துல கொத்தமல்லி போட்டிருந்தோம்" என்றாள் நெரிடா. "மருந்து அடிக்காத மண்ணு பாருங்க, ஒண்ணோட வாசனை ஒண்ணுக்கு ஏறிடும்."

"அப்படியா! பிராக்கோலிக்கு எதுக்கு ரப்பர் பேண்ட்?"

"நத்தை ஏறாம இருக்க" என்றான் கிளைவ், கூச்சமே இல்லாமல்.

"நானும் வீட்டுல செய்யணும்" என்றபடி அம்மாள் ஒரு கேரட்டைப் பிடித்து இழுத்தாள். தழை மட்டும் கையோடு வந்தது. கேரட் மண்ணிலேயே நின்றது.

நெரிடாவின் கண் முன்னால் அக்காவின் ஏப்ரன் ஆடியது.

"வாலபி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மர்ரே! "ராத்திரி வந்து கழுத்துல கடிச்சு வெச்சுட்டுப் போயிடும். இழுத்தா தழை கழண்டு வரும். மண்ணைத் தோண்டி எடு ரோவீனா."

அம்மாள் தோண்டினாள். மூன்று வேளையும் கேரட்தான் வேண்டுமென்றாள். கிளைவ் போய்ப் போய் வந்ததில், சூப்பர்மார்க்கெட் பெண் அவனிடம், "வீட்டுல குதிரை வாங்கியிருக்கீங்களா அங்கிள்?" என்று கேட்டுவிட்டாள்.

கிளம்புகிற நாளில் அம்மாள், "ஊருக்கு ஒரு மூட்டை கேரட் குடுங்க" என்றாள். காரில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்து, "அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டேன் கண்ணு! ஆறு இல்லையே!" என்று கத்தினாள்.

நெரிடாவுக்கு அதுதான் தாங்கவில்லை. டிக்கியில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்த மர்ரேயிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "மர்ரே, ஒரு விஷயம் சொல்லணும். திட்டாதீங்க. இந்தக் கேரட்..."

"தெரியும்மா."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"முதல் ராத்திரியே."

"பின்னே ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

மர்ரே டிக்கியை மெதுவாகச் சாத்தினார். முன்சீட்டில் கறுக் மொறுக்கென்று கேரட் கடிக்கும் மனைவியை ஒரு நிமிஷம் ஆசையாகப் பார்த்தார்.

"இந்தத் தீவுல சூப்பர்மார்க்கெட்டுக்கெல்லாம் கேரட் விளைவிச்சுப் போடறவனே நான்தாம்மா; கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டி அதை வாயில வெச்சது இந்த மூணு நாள்தான்."