மான்கூர்ட் வண்டியில் வெங்காய மாமி

பம்பாய் மாநகரத்தில் ஒரு பெண் நிம்மதியாக உட்கார்ந்து அழுவதற்கு அந்தக் காலத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. வி.டி. ஸ்டேஷனிலிருந்து மான்கூர்டுக்குப் போகும் சாயங்கால வண்டியில், லேடீஸ் பெட்டியில், வெங்காய மாமிக்கு எதிர் சீட். சந்தேகப்படுகிறவர்கள் அறுபதுகளில் செம்பூரில் ஒற்றை அறையில் ஒரு பெருங்குடும்பத்தோடு குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். அறைக்குள் அழுதால் பெரியவர்கள் இருமுவார்கள். குளியலறைக்குப் போய் அழலாமென்றால் வெளியே பக்கெட்டும் கையுமாக மாடி முழுக்க வரிசையில் நிற்கும். துக்கம் தொண்டைக்கு ஏறி வருவதற்குள் "ஜல்தி கரோ" என்று கதவைத் தட்டிவிடுவார்கள்.

மாமிக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. பாலக்காட்டுக் குடும்பம், செம்பூர் வாசம், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள். கணவர் காலமான பிறகு அவருடைய கம்பெனியிலேயே தபால் பிரிவில் கவர் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். ஆள் நல்ல கனம். முழங்கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்காது. அதனால் வி.டி.யில் உட்கார்ந்தால் செம்பூர் வருகிற வரைக்கும் பூகம்பமே வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். ராத்திரிச் சமையலுக்கு வேண்டிய காயை வண்டியிலேயே நறுக்கிக்கொண்டு போவது பம்பாய்ப் பெண்களின் வழக்கம். மாமியும் நறுக்குவாள். ஆனால் அவள் பையில் வெண்டைக்காய்க்குக் கீழே நாசிக் வெங்காயம் தனியாக இருக்கும். அது சமையலுக்கு இல்லை.

என் அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து, ஃபோர்ட் பகுதியில் டைப்பிஸ்ட் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் எனக்கு அது புரிந்தது. வண்டி மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் கண் பொங்கிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் என்ன ஏது என்று நாலு பாஷையில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். எதிரே இருந்த பெரிய உருவம் ஒன்றும் கேட்கவில்லை. என் மடியில் ஒரு கத்தியையும் வெங்காயத்தையும் வைத்தது.

"எங்காத்துல வெங்காயம் கிடையாது மாமி" என்றேன். அந்த அழுகையிலும் ஆசாரத்தை விடவில்லை.

"எங்காத்துலயுந்தான் கிடையாது. தின்னச் சொன்னேனா? நறுக்கத்தானே சொன்னேன்."

நறுக்கினேன். குர்லா வரைக்கும் அழுதேன். யார் எட்டிப் பார்த்தாலும் மாமி "பியாஜ் ஹை, பியாஜ்" என்று வெங்காயத்தைக் காட்டி விரட்டினாள். நறுக்கிய வெங்காயம் பக்கத்திலிருந்த மராட்டி டீச்சரின் சாப்பாட்டு டப்பாவுக்குப் போயிற்று. அந்த டீச்சர் மகனைப் பறிகொடுத்தவள் என்று அப்புறம் தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும் அப்படித்தான், யாரையோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.

மாமியின் ராஜ்யத்தில் சட்டம் ஒன்றுதான். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லக் கூடாது. 'எல்லாம் விதி', 'கொடுத்து வைத்தவர், அவஸ்தைப்படாமல் போனார்' என்று வாய் திறந்தவள் மடியில் ஒரு வாழைப்பூ வந்து விழும். பூவுக்குப் பூ கள்ளன் நரம்பை எடுத்து ஆய்ந்து முடிப்பதற்குள் விரலெல்லாம் கறுத்து, பேசியதற்காக ஒரு வாரம் வருத்தப்படுவாள். ஒரு நாள் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஏறி, வரிசையாகக் கண்ணீரும் கம்பலையுமாக இருந்த எங்களைப் பார்த்து அரண்டு, டிக்கெட் கேட்காமலே இறங்கிப் போனார். கொஞ்ச நாளில் அவரே மொட்டைத் தலையோடு ஏறினார். தாயார் போய்விட்டாளாம். மாமி அவரிடமும் ஒரு வெங்காயத்தை நீட்டினாள். மனிதர் யூனிஃபார்மோடு நின்றபடி ஒரே டிக்கெட்டை வடாலா வரைக்கும் பரிசோதித்துக்கொண்டே அதை உரித்தார்.

இப்படி வெற்றிமேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முத்துலட்சுமி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இருபது வயது இருந்தால் அதிகம். சிவ்ரியில் மருந்து பாட்டில் நிரப்பும் கம்பெனியில் வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். மான்கூர்டில் மாமியாரோடு இருந்தாள். இவ்வளவும் அவளோடு வேலை பார்த்தவள் சொல்லித்தான் தெரியும். முத்துலட்சுமி பேச மாட்டாள். சிவ்ரியில் ஏறினால், சீட் காலியாக இருந்தாலும் வண்டியின் கதவில்லாத வாசலில் போய் நிற்பாள். கம்பியைக்கூடச் சரியாகப் பிடிக்காமல், கீழே ஓடுகிற தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமி ஆள் அனுப்பி அவளை உட்கார வைத்தாள். கத்தியும் வெங்காயமும் மடிக்குப் போயின. முத்துலட்சுமி தலையைக் குனிந்து பொடிப் பொடியாக, கல்யாணச் சமையல்காரன் தோற்கும்படி நறுக்கினாள். டீச்சர் அழுதாள், நான் அழுதேன், ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்த கோவாக்காரி அழுதாள். முத்துலட்சுமி கண்ணில் ஈரமில்லை. நறுக்கி முடித்துக் கத்தியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போனாள்.

மாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காரம் கூடின சரக்காகத் தேடி வாங்கி வந்தாள். அதற்கடுத்த நாள் சின்ன வெங்காயம். பெட்டி முழுவதும் மூக்கைச் சிந்தியது. "என்னடி இது, கண்ணா, கண்ணாடியா?" என்று மாமி முணுமுணுத்தாள். முத்துலட்சுமி எழுந்து போனாள். அன்றைக்கு வாசலின் விளிம்பு வரைக்கும் போய், பாதி பாதம் வெளியே இருக்கும்படி நின்றாள்.

மாமி எழுந்தாள். செம்பூருக்கு முன்னால் அவள் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சீட் சீட்டாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அந்தப் பெண்ணின் முந்தானையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வா கொழந்தே. எனக்குக் கால் நடுங்கறது."

"நீங்க போயி இருங்க மாமி."

"நீ வந்தா நானும் வரேன்."

வண்டி சத்தத்துக்கு மேலே முத்துலட்சுமி பேசினாள். "எனக்கு அழுவ வர மாட்டேங்கு மாமி. அவிய போனப்பவும் வரல, இப்பவும் வரல. 'எம்புள்ளைய முழுங்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கா'ன்னு எங்க அத்தை சொல்லுதாவ. நெசந்தான் போல. நான் மனுசியே இல்ல போல. பொறவு எதுக்கு இருக்கணும்?"

மாமி வண்டிக்கே கேட்கும்படி சொன்னாள்.

"எங்காத்து மாமா போனப்போ எனக்கும் வரலைடி. ஒரு சொட்டு வரலை. ஊர் முழுக்கக் கட்டிண்டு அழறா, நான் மரம் மாதிரி உக்காந்திருக்கேன். எங்காத்துல என்னிக்குமே வெங்காயம் கிடையாது, தீட்டு நாள்ல கேக்கவே வேண்டாம். கீழ்வீட்டு மராட்டிக்காரிகிட்ட ஒண்ணு கடன் வாங்கி இடுப்புல சொருகிண்டேன். யாராவது துக்கம் கேக்க வந்தா நகத்தால அதைக் கீறி, கண்ணைக் கசக்கிப்பேன். 'பாவம், எப்படித் துடிக்கறா பாரு'ன்னா எல்லாரும்."

முத்துலட்சுமி திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்கு அவியளப் பிடிக்காதோ?"

"ரொம்பப் பிடிக்கும். வரலை, அவ்வளவுதான். ரெண்டு மழைக்காலம் போனப்பறம் ஒரு நாள் ரேஷன் கடையில 'சக்கரை இல்லை'ன்னான். அங்கயே தரையில உக்காந்து ஓன்னு அழுதேன். கடைக்காரன் பயந்துபோய் எங்கேர்ந்தோ சக்கரை கொண்டுவந்து போட்டான். வரப்போ வரும்டி. வராட்டாலும் நீ மனுஷிதான். இப்ப உள்ள வா, என் கால் போறது."

அவள் வந்தாள். தனக்காக வந்தாளோ, மாமியின் முழங்காலுக்காக வந்தாளோ தெரியாது. மாமியைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர் வரிசையில் மாமியின் தெருக்காரி ஒருத்தி வாயில் போட்ட வேர்க்கடலையை மெல்ல மறந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலைக்குள் செம்பூர் முழுவதும் விஷயம் பரவியது. மாமியின் நாத்தனார் இனி இந்த ஜன்மத்தில் பேச்சு வார்த்தை இல்லை என்று சொல்லியனுப்பினாள். "போறது, அவ போடற காப்பியைக் குடிக்க வேண்டாம்" என்றாள் மாமி. ஆனால் அன்றைக்கு அவள் கை காய் நறுக்கவில்லை.

அதற்குப் பிறகு முத்துலட்சுமி மடியில் மாமி வெங்காயம் வைக்கவில்லை. வெண்டைக்காய்தான் வைத்தாள். அந்தப் பெண் எப்போதாவது அழுதாளா என்பது எனக்குத் தெரியாது. வாசலில் மட்டும் அவள் மறுபடி நிற்கவில்லை. இனி அவளை நம்பித் தனியாக விட்டுவிடலாம் என்று நாங்கள் நினைத்தோம். மாமி நம்பவில்லை. செம்பூர் வந்ததும் நாங்கள் இறங்குவோம், மாமி இறங்க மாட்டாள். முத்துலட்சுமியோடு மான்கூர்ட் வரை போய், அவள் வீட்டுச் சந்தில் திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு, அடுத்த வண்டி பிடித்துத் திரும்புவாள். அந்த மழைக்காலம் முழுக்க, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

"ஏன் மாமி இறங்கலை?" என்று ஒரு நாள் பிளாட்பாரத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"இந்தக் கூட்டத்துல எப்படிடி இறங்கறது?" என்றாள்.

மழைக்குப் பயந்து எல்லோரும் ஓடிவிட்டிருந்தார்கள். செம்பூர் பிளாட்பாரத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மாமி தன் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.