கணுக்கால் அண்ணாச்சியின் தீர்ப்பு

ஒரு கபடி ஆட்டக்காரன் தேறுவானா மாட்டானா என்று கணுக்காலைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய மனிதர் தென்காசி வட்டாரத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கணுக்கால் அண்ணாச்சி. சொன்னது ஒருமுறைகூடப் பலித்ததில்லை என்பது வேறு விஷயம்.

குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். வாழைத்தாரைத் தட்டிப் பார்த்து எடுத்தால் ஒரு காய்கூட வீண்போகாது. அந்தத் தெம்பில், தொழில்முறை லீக் அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும்போது எந்தக் கல்லூரி ஆட்டக்காரனை முதல் சுற்றில் எடுக்கலாம் என்றும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சிப்ஸ் கேட்டு வருகிற பையனிடம், "பேன்ட்ட கொஞ்சம் தூக்குலே" என்பார். அவன் மிரண்டு போவான்.

கணுக்காலில் சந்தேகம் வந்தால் அடுத்த பரீட்சை ஐந்தருவியில். சீசன் கூட்டத்துக்குள் "கபடி கபடி" என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே நுழைந்து, பாறையைத் தொட்டுவிட்டு, யார் மேலும் படாமல் திரும்ப வேண்டும். அப்படிப் போன ஒருவன், உடம்பெல்லாம் எண்ணெய் பூசி நின்ற ஒரு மாமா மேல் வழுக்கி, அவரையும் கட்டிப்பிடித்தபடியே வெளியே வந்து விழுந்தான். மாமா போட்ட சத்தத்தில் அருவிச் சத்தமே கேட்கவில்லை. அண்ணாச்சிக்கோ ஒரே பூரிப்பு.

"ஆளையே தூக்கிட்டு வாரான்வே! முத ரவுண்டுல கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்றார்.

ஓர் அணி நம்பி எடுத்தது. பயிற்சியின் முதல் நாளே பயலுக்குக் கால் பிசகியது. இப்போது அச்சன்புதூரில் செல்போன் கடை வைத்து நன்றாக இருக்கிறான். "நடக்கும்போதே தள்ளாடுதான், தேறாது" என்று அண்ணாச்சி ஒதுக்கிய ஒல்லிப்பயலோ இன்னோர் அணிக்குக் கேப்டனாகிவிட்டான்.

விஷயம் பரவியது. ஆள் எடுக்கும் நாள் நெருங்கினால் சென்னை மேனேஜர்கள் கடைக்கு வருவார்கள். அண்ணாச்சி சொல்வதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். அவர் வாயால் 'தேறாது' வாங்குவதற்காகவே கல்லூரிப் பயல்கள் நொண்டிக்கொண்டு வந்தார்கள். இது தெரியாத ஒரே ஆள் அண்ணாச்சிதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கடையநல்லூர் ரபீக் விஷயத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. கல்லூரியில் கடைசி வருஷம். பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்பமாட்டான். முதல் சுற்றில் எடுத்தால் கபடி, இல்லையென்றால் துபாய் என்று அவன் அண்ணன் விசாவோடு காத்திருந்தான். ரபீக் ஆடும் நாளெல்லாம் அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். ஆனால் அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "இன்னும் பாக்கணும்வே" என்று நழுவிவிடுவார்.

மேனேஜர் வருகிற அன்று காலையில் ரபீக் என்னிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, அண்ணாச்சிய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க. எம்மேல உள்ள பிரியத்துல நல்லவிதமா சொல்லித் தொலைச்சிருவாரு!"

வடகரையில் அருமையான தார் வந்திருக்கிறது என்று அண்ணாச்சியிடம் புளுகிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அண்ணாச்சி குனிந்து ரபீக்கின் கணுக்காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மலர மலர, போச்சு என்று நினைத்தேன்.

நிமிர்ந்தவர், "தேறாது சார். கடைசி ரவுண்டுல ஓசியா குடுத்தாலும் எடுத்திராதீங்க" என்றார்.

முகமெல்லாம் பல்லாக, மேனேஜர் கை கொள்ளாத அளவு சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். முதல் சுற்றில் அவர் அணி எடுத்தது ரபீக்கைத்தான்.

"அண்ணாச்சி, நெசமாவே அவன் தேறமாட்டான்னா நெனச்சீய?" என்று கேட்டேன்.

"என் வாய் லட்சணம் எனக்குத் தெரியாதாவே?" என்றார், எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்தவனுவளுக்கு மனசுல பட்டதச் சொன்னேன். இவன் விசயத்துல பயந்துட்டேன்."

இப்போது ரபீக்கின் ஆட்டம் வந்தால் கடை டி.வி. முன்னால் கூட்டம் கூடிவிடுகிறது. அவன் பாடிப் போகும்போதெல்லாம், "வெளங்குவானா இவன்! மாட்டிக்கிட்டான், அவ்வளவுதான்!" என்று அண்ணாச்சி கண் கலங்கத் திட்டுகிறார். ஜெயித்ததும் ரபீக் எனக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறான்.

"அண்ணாச்சி நல்லா திட்டுனாராண்ணே?"

"தொண்டையே கட்டிப்போச்சுலே" என்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் அவன் போனை வைக்கிறான்.

அந்த வாயால் ஒரு திட்டு வாங்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.